மின்சாரக் காரில் முதல் நெடும்பயணம்: திருவனந்தபுரத்திலிருந்து மதுரை வரை

திருவனந்தபுரத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. களியக்காவிளையில் மாநில எல்லையைக் கடந்து, மார்த்தாண்டம், நாகர்கோவில், ஆரல்வாய்மொழி, திருநெல்வேலி, கோவில்பட்டி, விருதுநகர் வழியாகச் செல்லும் இந்தச் சாலையில் பெட்ரோல் காரில் புறப்படுகிறவர் எரிபொருளைப் பற்றி முன்கூட்டியே கணக்கிடுவதில்லை. முள் தாழ்ந்தால் அடுத்த பங்கில் நிறுத்திக்கொள்ளலாம் என்ற உறுதி அவருக்கு இருக்கிறது. அந்த உறுதி உருவாகப் பல பத்தாண்டுகள் ஆயின என்பதை நாம் மறந்துவிட்டோம். புதிதாக மின்சாரக் கார் வாங்கியவரோ அதே சாலையில் முதன்முறை புறப்படுமுன் தாளும் பென்சிலுமாக அமர வேண்டியிருக்கிறது.

இச்சாலையில் உல்லாசப் பயணிகள் மட்டும் செல்வதில்லை. திருவனந்தபுரத்தில் 1981-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையத்திற்கும், ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்திற்கும் தமிழகத்தின் தென் மாவட்டங்களிலிருந்து நோயாளிகள் வருகின்றனர். கேரளத்திலிருந்து மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்கும் மதுரையின் கண் மருத்துவமனைகளுக்கும் செல்வோரும் உண்டு. குறித்த நேரத்தில் சென்று சேர வேண்டியவர்கள் இவர்களில் பலர். மின்சாரக் கார் நகருக்குள் ஓடும் இரண்டாவது வண்டியாக மட்டுமே நின்றுவிடுமா, அல்லது குடும்பத்தின் ஒரே வண்டியாக இருந்து எல்லாப் பயணங்களுக்கும் உதவுமா என்பது இத்தகைய சாலைகளில்தான் தீர்மானிக்கப்படுகிறது.

கேரளம் 2019-ஆம் ஆண்டில் மின்வாகனக் கொள்கையை வெளியிட்டது. அதே ஆண்டில் தமிழ்நாடும் வெளியிட்டது. வாகனப் பதிவில் மின்வாகனங்களின் பங்கு கூடுதலாக உள்ள மாநிலங்களுள் கேரளம் ஒன்று. நகரங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பதாலும், அன்றாடப் பயணத் தொலைவு குறைவாக இருப்பதாலும், வீட்டோடு சேர்ந்து வண்டி நிறுத்த இடம் உள்ள குடும்பங்கள் மிகுதி என்பதாலும் இது இயல்பாகவே நிகழ்ந்தது எனலாம். அன்றாடப் பயன்பாட்டில் இவ்வண்டிகளுக்கு வீட்டு மின்சாரமே போதும். நெடும்பயணத்தில்தான் வெளி ஏற்பாடுகளை நம்ப வேண்டியிருக்கிறது.

தொலைவும் யூனிட்டும்

மின்சாரக் காரின் பேட்டரிக் கொள்ளளவு கிலோவாட்-மணி என்ற அலகில் கூறப்படுகிறது. வீட்டு மின்கட்டணச் சீட்டில் நாம் காணும் யூனிட்டும் இதுவே. ஆகவே புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. 40 யூனிட் கொள்ளளவுள்ள பேட்டரி என்றால், 40 யூனிட் மின்சாரத்தைச் சுமந்து செல்லும் வண்டி என்று பொருள். இந்தியச் சந்தையில் நடுத்தரக் குடும்பங்கள் வாங்கும் கார்களில் பல இந்த அளவை ஒட்டியவை. இக்கட்டுரையின் கணக்குகளும் அத்தகைய வண்டி ஒன்றையே எடுத்துக்கொள்கின்றன.

அத்தகைய வண்டியின் விளம்பரத்தில் ஒருமுறை மின்னேற்றினால் 400 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் என்று அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண் பொய்யன்று. ஆனால் அது சோதனைக்கூடத்தில் உருளைகளின்மீது, வகுத்துரைக்கப்பட்ட ஓர் ஓட்டமுறையில் பெறப்பட்டது. அந்த ஓட்டமுறையில் உச்ச வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர்தான். பெரும்பகுதி நேரம் வண்டி அதைவிட மிக மெதுவாகவே ஓடுகிறது. குளிர்சாதனம் இயங்குவதில்லை, எதிர்க்காற்றும் மேடும் இல்லை. இரண்டு வண்டிகளை ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் பயன்படும். பயணத்திற்குத் திட்டமிட அது உதவாது.

திட்டமிடப் பயன்படுவது வேறோர் எண். 100 கிலோமீட்டருக்கு இந்த வண்டி, இந்த ஓட்டுநரின் கையில், எத்தனை யூனிட் செலவிடுகிறது என்பதே அது. பெரும்பாலான கார்களின் முகப்புத் திரை இதைக் காட்டுகிறது. நான்கு பேர் அமர்ந்து, குளிர்சாதனத்தை இயக்கி, மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் நான்குவழிச் சாலையில் சென்றால் 15 யூனிட் என்று கொள்வது நியாயமான தொடக்கம். அப்படியானால் 40 யூனிட்டில் 266 கிலோமீட்டர் வருகிறது; விளம்பர எண்ணின் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. வேகம் கூடினால் இதுவும் சுருங்கும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப உயர்வதால், 80-லிருந்து 100-க்குச் சென்றால் அத்தடை ஒன்றரை மடங்குக்கு மேலாகிறது. நெடும்பயணத்தில் பேட்டரியின் ஆயுளை நீட்டும் கருவிகளில் மிக மலிவானது வேகமானியைக் கவனிக்கும் கண்தான்.

நெரிசலைப் பற்றிய அச்சம் இங்கு வேறு வகையானது. பாலராமபுரம், நெய்யாற்றின்கரை வழியாக எல்லை வரை செல்லும் கேரளப் பகுதியிலும், அதையடுத்து மார்த்தாண்டம் வரையிலும் வண்டிகள் ஊர்ந்தே செல்கின்றன. பெட்ரோல் காருக்கு இது பெருஞ்செலவு. மின்சாரக் காரிலோ வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, மின்சாரத்தின் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புவதால் இழப்பு குறைவு. குளிர்சாதனம் மட்டும் தொலைவைப் பார்க்காமல் மணியைப் பார்த்துச் செலவிடுகிறது. மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை யூனிட் வரை அது எடுத்துக்கொள்ளக்கூடும். நாகர்கோவில் வரையிலான 70 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஆனால், இரண்டு மூன்று யூனிட் குளிர்ச்சிக்கே போய்விடும்.

பொன்முடியில் ஒரு பயிற்சி

மதுரைக்குப் புறப்படுமுன் வண்டியின் இயல்பை அறிந்துகொள்ளத் திருவனந்தபுரவாசிகளுக்கு அருகிலேயே நல்லதொரு களம் இருக்கிறது. நகரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் உள்ள பொன்முடி, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரமுள்ளது. 22 கொண்டையூசி வளைவுகளில் ஏறிச் சென்று மாலைக்குள் திரும்பிவிடலாம். வழியில் எங்கும் மின்னேற்ற வேண்டிய தேவை இராது. தவறு நேர்ந்தாலும் வீடு அருகில்.

ஆட்களோடு சேர்த்து 1,800 கிலோகிராம் எடையுள்ள வண்டியை ஆயிரம் மீட்டர் உயர்த்துவதற்கு மட்டும் சுமார் ஐந்து யூனிட் தேவை. இது இயற்பியல் விதி. எந்த ஓட்டுநரின் திறமையும் இதைக் குறைக்காது. 40 யூனிட் பேட்டரியில் இது எட்டில் ஒரு பங்கு. ஏறும்போது திரையில் எண்கள் சரிவதைக் கண்டு புதிய உரிமையாளர் கலங்குவது வழக்கம். இறங்கும்போது அதில் பாதியோ அதற்கு மேலுமோ திரும்பி வருவதைக் கண்டபின் அக்கலக்கம் தீரும். ஏற்றத்தில் செலவு, இறக்கத்தில் வரவு என்னும் இந்தக் கணக்கை ஒருமுறை நேரில் பார்த்தவர் பின்னர் மூணாற்றுக்கோ கொடைக்கானலுக்கோ செல்லும்போது திகைப்பதில்லை. மலைமேல் தங்கும் விடுதியில் இரவு முழுவதும் மின்னேற்றி, 100 சதவீதத்துடன் காலையில் இறங்கத் தொடங்குவது மட்டும் தவறு. நிரம்பிய குடத்தில் நீர் கொள்ளாதது போல, திரும்பி வரும் மின்சாரத்திற்கு அப்போது இடமிராது. வேகத்தைக் குறைக்கும் பணி முழுவதும் சாதாரண பிரேக்குகள்மீது விழும்.

மதுரைக் கணக்கு

பேட்டரியை முழுவதும் காலியாகும் வரை ஓட்டுவது கூடாது. 15 சதவீதத்திற்குக் கீழே போகாமல் திட்டமிடுவது முதல் பயணத்திற்கு ஏற்ற விதி. 40 யூனிட்டில் இது ஆறு யூனிட். ஏறக்குறைய 40 கிலோமீட்டர் செல்லும் இருப்பு. மேல் எல்லை வழிநிலையங்களில் 80 சதவீதம். அதற்கு மேல் பேட்டரி மின்சாரத்தை மெல்லவே ஏற்கும். கடைசி 20 சதவீதத்திற்கு ஆகும் நேரம், அதற்கு முந்தைய 40 அல்லது 50 சதவீதத்திற்கு ஆன நேரத்தைக்கூட எட்டிவிடும். பின்னால் இன்னொருவர் காத்திருக்கையில் அவ்வாறு நின்றுகொண்டிருப்பது நாகரிகமும் ஆகாது.

வீட்டிலிருந்து 100 சதவீதத்துடன் புறப்பட்டால் திருநெல்வேலி வரையிலான 150 கிலோமீட்டருக்கு 22 அல்லது 23 யூனிட் செலவாகும். அங்கு மீதி 17 யூனிட்டுக்குச் சற்று மேல், அதாவது 44 சதவீதம் அளவில் இருக்கும். மதுரை இன்னும் 155 கிலோமீட்டர். அதற்கு 23 யூனிட் வேண்டும், இருப்பு போதாது. திருநெல்வேலியில் 80 சதவீதத்திற்கு ஏற்றினால் 32 யூனிட் ஆகிறது. மதுரை சேரும்போது ஒன்பது யூனிட் எஞ்சும். ஏற்ற வேண்டியது 14 அல்லது 15 யூனிட் மட்டுமே. 30 கிலோவாட் திறனுள்ள நிலையத்தில் இதற்கு அரை மணி நேரம். காலைச் சிற்றுண்டிக்கு ஆகும் நேரத்தைவிட அதிகமில்லை.

அப்படியானால் நாற்பது, ஐம்பது யூனிட் கூடுதலாகச் சுமக்கும் பெரிய பேட்டரி வண்டி எதற்கு என்று கேட்கத் தோன்றும். உண்மையில் இந்தச் சாலையில் அது அவசியமில்லை. இங்கு தீர்க்க வேண்டிய கேள்வி வேறு: திருநெல்வேலி நிலையத்திற்குச் சென்றபோது அது இயங்கவில்லையென்றால் என்ன செய்வது?

இதற்கான விடை புறப்படுமுன்னரே தாளில் இருக்க வேண்டும். 44 சதவீதத்துடன் அங்கு சேர்பவர் கையில் 17 யூனிட் இருக்கிறது. 55 கிலோமீட்டரில் உள்ள கோவில்பட்டிக்கு எட்டு யூனிட் போதும்; அங்கு சேரும்போது ஒன்பது யூனிட் எஞ்சும். ஆகவே திருநெல்வேலியில் ஏமாற்றம் நேர்ந்தாலும் அது அரை மணி நேரத் தாமதமே தவிர, நடுவழியில் நிற்கும் நிலையன்று. ஆனால் இதே வண்டியில் 'எப்படியும் கோவில்பட்டி வரை வரும்' என்று திருநெல்வேலியைத் தாண்டிச் சென்று, கோவில்பட்டியில் நிலையம் பழுதுபட்டிருக்கக் கண்டால், சாத்தூர், விருதுநகர் எல்லாம் கவலைக்குரிய தொலைவாகிவிடும். திட்டமிட்ட நிலையத்தை அடையும்போது அதற்கு அடுத்த நிலையத்தையும் எட்டும் இருப்பு கையில் இருக்க வேண்டும். நெடும்பயணத் திட்டத்தின் உயிர்நாடி இந்த ஒரு விதியில் அடங்கியிருக்கிறது.

மருந்துக்கடையும் மின்னேற்ற நிலையமும்

1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் அம்மையார் தம் கணவர் உருவாக்கிய மோட்டார் வண்டியில் தம் இரு புதல்வர்களுடன் மான்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். தொலைவு 100 கிலோமீட்டருக்குச் சற்று மேல். வழியில் எரிபொருள் தீர்ந்தது. பெட்ரோல் பங்கு என்ற ஒன்று அன்று உலகில் இல்லை. வீஸ்லோக் என்னும் சிற்றூரின் மருந்துக்கடையில், துணியின் கறை போக்க விற்கப்பட்ட லிக்ரோயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றிப் பயணத்தைத் தொடர்ந்தார். வண்டிகள் முதலில் வந்தன. அவற்றை நம்பச் செய்த ஏற்பாடுகள் பின்னால் வந்தன.

மின்சாரக் காரைப் பொறுத்தவரை அந்த ஏற்பாடுகளைத் திட்டமிட்டே அமைக்க நம் நாடு முயன்று வருகிறது. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டப்படி மின்சாரம் விற்க உரிமம் தேவை. வண்டிக்கு மின்னேற்றுவது மின்சார விற்பனையன்று, அது ஒரு சேவை. அதற்கு உரிமம் வேண்டியதில்லை என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018 ஏப்ரலில் தெளிவுபடுத்தியது. இச்சிறு விளக்கமே தனியார் முதலீட்டிற்குக் கதவைத் திறந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வெளியான வழிகாட்டு நெறிகள், நகரங்களில் மூன்று கிலோமீட்டர் நீள அகலமுள்ள ஒவ்வொரு கட்டத்திற்கும் ஒரு நிலையம், நெடுஞ்சாலையின் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் என்ற இலக்கை வகுத்தன. கேரள மாநில மின்சார வாரியம் 2020 நவம்பரில் தன் முதல் ஆறு நிலையங்களைத் திறந்தது. அவற்றுள் ஒன்று திருவனந்தபுரத்தின் தென்புறத்தில், நாகர்கோவில் சாலையை ஒட்டிய நேமத்தில் அமைந்தது. இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்காக மின்கம்பங்களிலேயே மின்னேற்றிகளைப் பொருத்தியதும் அவ்வாரியம் செய்த பயனுள்ள சோதனை. பின்னர் 2023 மார்ச்சில், எண்ணெய் நிறுவனங்கள் தங்கள் பங்குகளில் 7,432 விரைவு மின்னேற்றிகளை நிறுவ மத்திய அரசு 800 கோடி ரூபாயை அனுமதித்தது. 2024-ஆம் ஆண்டின் இறுதிக்குள் நாட்டில் பொது மின்னேற்ற நிலையங்களின் எண்ணிக்கை 25,000-ஐத் தாண்டியது.

எண்ணிக்கை வளர்ந்திருக்கிறது. ஆயினும் பயணிக்கு வேண்டிய செய்தி எண்ணிக்கையில் இல்லை. வரைபடத்தில் புள்ளியாகக் காணும் நிலையம், காருக்குப் பொருந்தும் இணைப்பு உள்ளதுதானா என்பது முதற் கேள்வி. தொடக்கக் காலத்தில் அமைந்த சில நிலையங்களில் உள்ள 15 கிலோவாட் மின்னேற்றிகள் பழைய வகை வண்டிகளுக்கானவை. இன்றைய கார்களில் பெரும்பாலானவை சி.சி.எஸ்.-2 என்னும் விரைவு இணைப்பையும் டைப்-2 என்னும் மெதுவான இணைப்பையும் கொண்டவை. அடுத்தது திறன். 60 கிலோவாட் என்று எழுதப்பட்டிருந்தாலும் இரு வண்டிகள் ஒரே சமயத்தில் இணைக்கப்பட்டால் அது இரண்டாகப் பிரியலாம். வண்டி ஏற்கும் அளவு அதனினும் குறைவாகவும் இருக்கலாம். மூன்றாவதாக, அந்த நிலையம் இன்று இயங்குகிறதா? இக்கேள்விக்கு வரைபடத்தைவிட, அண்மையில் அங்கு மின்னேற்றியவர்களின் குறிப்பும் நிலையத்திற்கு ஒரு தொலைபேசி அழைப்புமே நம்பத்தக்க விடை தரும்.

பணம் செலுத்துவதும் ஒரு தடையே. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனிச் செயலியை வைத்துள்ளது. பலவற்றில் முன்பணம் போட்டுவைக்க வேண்டும். எல்லை கடந்ததும் நிறுவனங்கள் மாறுவதால் செயலிகளும் மாறுகின்றன. கைப்பேசி இணைப்பு நன்றாக உள்ள வீட்டிலேயே இவற்றைப் பதிவு செய்து, ஒவ்வொன்றிலும் சிறு தொகையை இட்டு வைப்பது நல்லது. எரிசக்தித் திறன் செயலகம் 2022 டிசம்பரில் தொடங்கிய 'இ.வி. யாத்ரா' தளம் நாட்டிலுள்ள பொது நிலையங்களை ஒரே இடத்தில் காட்டும் நோக்குடையது. நிலையங்களை நடத்துவோர் தரும் விவரம் எவ்வளவு புதிதோ அந்த அளவுக்கே அத்தகைய தளமும் பயன்படும்.

நிர்வாகத்தின் கண்ணோட்டத்தில் இங்கு ஓர் உண்மை புலப்படுகிறது. ஒரு நிலையத்தைத் திறந்து வைப்பதற்குத் தலைப்பும் நிதியும் இருக்கின்றன. அதை நாள்தோறும் இயங்க வைப்பதற்கு அவை அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. உயர்ந்தும் தாழ்ந்தும் வரும் மின்னழுத்தம், மழைநீர், இற்றுப்போன கம்பிவடம், நின்றுபோன இணையத் தொடர்பு என்று நிலையம் முடங்கக் காரணங்கள் சிறியவை. ஆனால் 100 கிலோமீட்டர் இடைவெளியில் ஒரே ஒரு மின்னேற்றி இருந்து அது முடங்கினால், அச்சாலை முழுவதுமே முடங்கியதற்கு ஒப்பாகும். பத்து இடங்களில் ஒவ்வொன்று வைப்பதைவிட, ஐந்து இடங்களில் இரண்டிரண்டு வைப்பது பயணிக்கு மேலான பயன் தரும். மாதந்தோறும் எத்தனை மணி நேரம் நிலையம் இயங்கியது என்னும் கணக்கு, எத்தனை நிலையங்கள் திறக்கப்பட்டன என்னும் கணக்கோடு சேர்த்து வெளியிடப்படுமானால், புதிய உரிமையாளர் இருப்பு விதியைத் தளர்த்திக்கொள்ள முடியும்.

எப்போது ஏற்றுவது?

முந்தின இரவு ஏற்றிக் காலையில் புறப்படுவதே பலர் வழக்கம். கேரளத்தின் மின் அமைப்புக்கு இது உகந்த வழக்கமன்று. 2024-ஆம் ஆண்டுக் கோடையில் மாநிலத்தின் மின் நுகர்வு நாளொன்றுக்கு 11 கோடி யூனிட்டைத் தாண்டிய வேளையில், மாலையும் முன்னிரவுமே நெருக்கடியான நேரங்களாக இருந்தன. அந்நேரங்களில் வண்டிகளுக்கு மின்னேற்ற வேண்டாம் என்று மின்வாரியம் வேண்டிக்கொண்டது. பகலில் சூரிய மின்சாரம் மிகுதியாகக் கிடைக்கிறது. மாலையில் அது மறைந்துவிடுகிறது. இதனால்தான் மின்துறை அமைச்சகத்தின் 2024-ஆம் ஆண்டு நெறிகள், காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை பொது நிலையங்களுக்கான மின்கட்டணத்தைச் சராசரி வழங்கு செலவின் 0.7 மடங்காகவும், ஏனைய நேரங்களில் 1.3 மடங்காகவும் வரையறுத்தன. இவ்வேறுபாடு நிலைய உரிமையாளரைத் தாண்டிப் பயணிக்கும் வந்து சேர்ந்தால்தான் பழக்கம் மாறும்.

வெள்ளிக்கிழமை அதிகாலையில் புறப்படுபவர் வியாழக்கிழமை பகலிலேயே வீட்டில் ஏற்றிவிடலாம். கூரையில் சூரியத் தகடு உள்ள வீடாயின் இன்னும் சிறப்பு. பகலில் இயலாதபோது நள்ளிரவுக்குப் பின் தொடங்குமாறு வண்டியிலேயே நேரம் குறித்துவைக்கலாம். லித்தியம்-இரும்பு-பாஸ்பேட் வகைப் பேட்டரியுள்ள வண்டிகளில் பயணத்திற்கு முன் 100 சதவீதம் ஏற்றுவதில் இன்னொரு பயனும் உண்டு: திரையில் காணும் சதவீதம் திருத்தமடைகிறது. அவ்வகையில் மின்னழுத்தம் நெடுநேரம் மாறாமல் நிற்பதால், பலநாள் முழுமையாக ஏற்றாவிட்டால் மானி பிழையாகக் காட்டக்கூடும். (லித்தியம்-அயனி மின்கலங்களில் திருவனந்தபுரத்திற்கு ஒரு தனி உறவு உண்டு. விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் செயற்கைக்கோள்களுக்கும் ராக்கெட்டுகளுக்கும் என உருவாக்கிய மின்கலத் தொழில்நுட்பத்தை, வாகனத்துறைக்கும் பயன்படுமாறு இந்தியத் தொழில்நிறுவனங்களுக்கு வழங்க 2018-ல் இஸ்ரோ முன்வந்தது.)

காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் ஒன்பதரை மணியளவில் திருநெல்வேலி. மின்னேற்றம் சூரிய மின்சார நேரத்திற்குள் அமைந்துவிடுகிறது. நண்பகலை ஒட்டி மதுரை. செலவைப் பார்த்தால், வீட்டு மின்சாரத்தில் ஓடும் பகுதிக்கு யூனிட்டுக்கு ஏழெட்டு ரூபாயும், வழியில் ஏற்றியதற்கு 18 சதவீதச் சரக்கு சேவை வரி சேர்த்துப் பெரும்பாலும் 15 ரூபாய்க்கு மேல் 25 ரூபாய் வரையிலும் ஆகிறது. மதுரை வரை மொத்தம் 600 ரூபாயை ஒட்டி வரும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் கார் இதே தொலைவுக்கு 20 லிட்டர் கேட்கும்.

திரும்பும் வழி

மதுரையில் தங்கும் விடுதியில் மின்னேற்ற வசதி உண்டா என்று அறை பதியும்போதே கேட்டறிய வேண்டும். விரைவு மின்னேற்றி வேண்டியதில்லை. நிலத்தொடர்பு சரியாக உள்ள 16 ஆம்பியர் பிளக் ஒன்று போதும். பத்து மணி நேரத்தில் அது 25 யூனிட்டுக்குக் குறையாமல் தந்துவிடும். மெல்லிய நீட்டிப்புக் கம்பியை ஜன்னல் வழியே இழுத்துப் பயன்படுத்துவது மட்டும் எக்காரணத்தாலும் கூடாது. பல மணி நேரம் இடைவிடாது செல்லும் மின்னோட்டத்தால் அக்கம்பி சூடேறித் தீப்பற்றக்கூடும்.

சென்ற கணக்கையே திரும்பும் வழிக்கும் எழுதிக்கொள்வது புதியவர்கள் செய்யும் பிழை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வீசும் காற்று கடுமையானது. முப்பந்தலைச் சுற்றி நாட்டின் மிகப் பெரிய காற்றாலைத் தொகுதிகளுள் ஒன்று அமைந்ததற்கு அக்காற்றே காரணம். போகும்போது அது வண்டியைப் பின்னிருந்து தள்ளுகிறது. திரும்பும்போது எதிர்த்து நிற்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் செல்லும் வண்டியை 30 கிலோமீட்டர் வேகக் காற்று எதிர்த்தால், காற்றைப் பொறுத்தவரை வண்டி 110-ல் செல்வதாகவே பொருள். தடை ஏறக்குறைய இரு மடங்காகிறது. திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் வரை 12 யூனிட் என்று எழுதிய இடத்தில் 15 அல்லது 16 யூனிட் செலவாகலாம். அதன் பின் திருவனந்தபுரத்திற்கு இன்னும் 10 அல்லது 11 யூனிட். திருநெல்வேலியில் 80 சதவீதம், அதாவது 32 யூனிட் ஏற்றியவர் வீடு சேரும்போது ஐந்தாறு யூனிட்டே எஞ்சும். நேமம் வரை ஊர்ந்து வரும் மாலை நெரிசலையும் மழையையும் சேர்த்தால் அதுவும் குறையும். 15 சதவீத விதி மீறப்பட்டுவிடும்.

வழிகள் இரண்டு. திருநெல்வேலியில் சற்றுப் பொறுத்து 90 சதவீதம் வரை ஏற்றலாம். அல்லது காவல்கிணற்றிலிருந்து வேகத்தை 65-க்குக் குறைத்து, நாகர்கோவிலில் ஒரு தேநீருக்கு நின்று நான்கைந்து யூனிட் ஏற்றிக்கொள்ளலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை இரண்டாவதே உசிதம்: நாகர்கோவிலில் மின்னேற்றி கிடைக்காவிட்டாலும் குறைந்த வேகத்தால் மிச்சமான யூனிட்டுகள் கையில் இருக்கும்.